ஓய்வெடுத்தால் யோசனை வரும் என்கிறார்களே, அது எப்படிப்பட்ட ஓய்வு?

நிரலன் கேட்டது:

வணக்கம். மென்பொருள் வடிவமைக்கும் ஒரு சிறிய குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வேலையில் பாதி செய்முறை தெரிந்தது, உட்கார்ந்தால் முடிந்துவிடும். மறுபாதிக்கு வழியே தெரியாது, திரையைப் பார்த்தபடி மணிக்கணக்கில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். "கொஞ்சம் எழுந்து போய்ட்டு வா, தானா வரும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எழுந்து போகிறோம், டீ குடிக்கிறோம், போனைப் பார்க்கிறோம், திரும்பி வருகிறோம். எதுவும் வருவதில்லை. இன்னொரு பக்கம், வாரம் 70 மணி நேரம் உழைத்தால்தான் உருப்படலாம் என்ற பேச்சும் ஓய்ந்தபாடில்லை.

ஓய்வு நல்லது என்பது தெரியும், அந்த அறிவுரை வேண்டாம். எப்போது எழுந்து போக வேண்டும், எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் என்ன செய்யலாம், எதைச் செய்தால் கெடும்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரும்பலகை:

எழுந்து போவதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது சரியில்லை என்றால் எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தாலும் பலன் இல்லை.

கணித மேதை ஹென்றி புவான்கரே 1908-ல் பாரிஸ் உளவியல் கழகத்தில் பேசியபோது, தன் கண்டுபிடிப்பு ஒன்று எப்படி வந்தது என்று படிப்படியாகச் சொன்னார். அதிலிருந்து பலரும் ஒரே ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கூத்தான்ஸ் என்ற ஊரில் பயணிகள் வண்டியின் படியில் கால் வைக்கிறார். அந்த நொடியில், தான் வரையறுத்த, ஃபுக்சியன் சார்புகள் என்ற கணிதச் சார்புகளுக்குப் பயன்படுத்திய உருமாற்றங்களும் யூக்ளிடியன் அல்லாத வடிவியலின் உருமாற்றங்களும் ஒன்றே என்பது பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. சுற்றுலா போனார், விடை வந்தது என்று கதை முடிந்துவிடும்.

அந்தப் படிக்கட்டுக்கு முன்னால் நடந்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். பதினைந்து நாள், தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் மேசையில் உட்கார்ந்து, அப்படிப்பட்ட சார்புகள் இருக்கவே முடியாது என்று நிறுவப் பார்த்தார். எத்தனையோ சேர்க்கைகளைப் போட்டுப் பார்த்தும் ஒன்றும் தேறவில்லை. ஒரு நாள் மாலை வழக்கத்துக்கு மாறாகக் கடுங்காப்பி குடித்துத் தூக்கம் கெட்டது. விடிவதற்குள் அந்தச் சார்புகளில் ஒரு வகை இருப்பதை நிறுவிவிட்டார். அதன் பிறகுதான் கான் நகரிலிருந்து நிலவியல் பயணம் கிளம்பினார். படியில் யோசனை வந்ததும் அவர் தாளைத் தேடவில்லை, விட்ட பேச்சைத் தொடர்ந்தார். ஊர் திரும்பிய பிறகு நிதானமாக உட்கார்ந்து சரிபார்த்தார்.

அவர் எடுத்த முடிவும் அதுதான். உள்மனம் செய்யும் வேலைக்கு முன்னும் பின்னும் விழிப்போடு செய்த வேலை இருந்தால்தான் அது பலிக்கும். நீளமான கணக்கை உள்மனம் போட்டு முடித்துத் தராது, எங்கிருந்து தொடங்கலாம் என்பதை மட்டும் காட்டும். 1926-ல் கிரஹாம் வாலஸ் இதையே நான்கு கட்டங்களாக வகுத்தார்: தயாரிப்பு, அடைகாப்பு (கேள்வியை விட்டு விலகி உள்மனதிடம் விடுவது), வெளிச்சம் (யோசனை பளிச்சிடுவது), சரிபார்ப்பு. 2009-ல் சியோ, ஆர்மெராட் இருவரும் 117 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இடைவேளைக்கு முந்தைய தயாரிப்பு நேரம் நீண்டிருந்தால் இடைவேளையின் பலனும் கூடியிருந்தது.

இதை உங்கள் வேலையில் எப்படிச் செய்வது? எழுந்திருக்கும் முன் ஒரு தாள் எடுத்துச் சிக்கலை ஒரே கேள்வியாக எழுதுங்கள். "சிஸ்டம் சரியா வேலை செய்யல" என்பது புலம்பல். "ஒரே ஆர்டரை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால், பூட்டுப் போடாமல் எதை ஏற்பது?" என்பது கேள்வி. அதன் கீழே, முயன்று பார்த்த வழிகளையும் ஒவ்வொன்றும் எங்கே உடைகிறது என்பதையும் ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். கடைசியாக வந்த திருத்தத்தை ஏற்றால் முதல் ஆள் செய்தது காணாமல் போகிறது. நேரத்தை வைத்து முடிவு செய்தால் இரண்டு சர்வரின் கடிகாரமும் ஒத்துப்போவதில்லை. பதிப்பு எண் வைத்தால் ஆர்டர் குவியும் நேரத்தில் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கிறது. மூன்று வழியாவது இப்படி எழுத்தில் உடைந்திருக்க வேண்டும். இதற்குப் பொதுவாக முக்கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

நான்காவது வழி வராமல் அந்த மூன்றுக்குள்ளேயே மனம் சுற்றத் தொடங்குகிறதே, எழுந்து போக வேண்டிய நேரம் அதுதான். பத்தே நிமிடத்தில் அலுப்பு தட்டி எழுந்தால் உள்ளே வேக எதுவும் இருக்காது. நான்கு மணி நேரம் அதே இடத்தில் கிடந்தாலோ தவறான வழியே மனதில் பதிந்துபோகும், அதை அழிக்கத் தனியாக மெனக்கெட வேண்டும்.

தூங்காநகர்:

கரும்பலகை சொன்னதை முழுதாக ஏற்கிறேன். தூக்க ஆய்விலும் அதே சங்கதிதான் வருகிறது. இதைக் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு சோதனை உண்டு. 2004-ல் ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழகத்தில் உல்ரிஹ் வாக்னர் குழு செய்தது.

1, 4, 9 ஆகிய மூன்றே எண்களால் ஆன எட்டு இலக்க வரிசை கொடுப்பார்கள். ஒரே எண் இரண்டு வந்தால் அதே எண் விடை. வேறு வேறாக வந்தால் மூன்றாவது எண் விடை. முதல் இரண்டு இலக்கத்துக்கு விடை கண்டு, அந்த விடையை அடுத்த இலக்கத்தோடு சேர்த்து அடுத்த விடை என்று கடைசி வரை போக வேண்டும். 11449494 என்பதற்குப் போட்டுப் பாருங்கள். 1, 9, 1, 4, 4, 1, 9 என்று ஏழு விடை வரும், ஏழாவதுதான் இறுதி விடை. இதில் யாரும் சொல்லித்தராத ஒரு விதி ஒளிந்திருக்கிறது. கடைசி மூன்று விடை (4, 1, 9), அவற்றுக்கு முந்தைய மூன்றின் (9, 1, 4) தலைகீழ். எல்லா வரிசைக்கும் இப்படித்தான் அமைத்திருப்பார்கள். ஆகவே இரண்டாவது விடை கிடைத்ததுமே இறுதி விடை தெரிந்துவிடும், மிச்ச ஐந்து படியும் வேண்டியதில்லை.

கொஞ்ச நேரம் பழகிவிட்டு எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவர்களில் 59 சதவீதம் பேர் இந்தக் குறுக்கு வழியைக் கண்டுபிடித்தார்கள். அதே எட்டு மணி நேரம் விழித்திருந்தவர்களில் 23 சதவீதம்தான், பகலில் விழித்திருந்தாலும் இரவில் விழித்திருந்தாலும். தூங்குவதற்கு முன் பழகாமல், எழுந்த பிறகு முதன்முதலாக இந்தக் கணக்கைப் பார்த்தவர்களுக்குத் தூக்கத்தால் எந்தக் கூடுதல் பலனும் இல்லை. தயாரிப்பு இல்லாத ஓய்வு பலிக்காது என்பதற்கு இதைவிடச் சுத்தமான ஆதாரம் வேண்டியதில்லை.

பகல் தூக்கத்துக்கும் கணக்கு இருக்கிறது. 2021-ல் பாரிசில் இதே வகைக் கணக்கைக் கொடுத்து, நடுவில் 20 நிமிடம் இருட்டறையில் சாய்வு நாற்காலியில் ஓய்வு கொடுத்தார்கள். கையில் ஒரு பொருளைப் பிடித்திருக்க வேண்டும், ஆழ்ந்து தூங்கினால் அது விழுந்து எழுப்பிவிடும். கண் அயர்கிற முதல் நிலையில் 15 விநாடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் ஒளிந்திருந்த விதியைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம். அதைத் தாண்டி அடுத்த நிலைத் தூக்கத்துக்குப் போனவர்களில் வெறும் 14 சதவீதம். கண்டுபிடித்தவர்களுக்கும் கண் விழித்த கணத்தில் அது வந்துவிடவில்லை. மீண்டும் உட்கார்ந்து கணக்குப் போடப் போடத்தான் பிடிபட்டது.

ஆகவே மதியம் கண் அயர்வதாக இருந்தால் நாற்காலியில் சாய்ந்து அயருங்கள், படுக்கைக்குப் போக வேண்டாம். 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்தூக்கத்தில் இறங்கிவிடுவீர்கள், அங்கிருந்து எழுந்தால் அடுத்த அரை மணி நேரம் தலை கனத்து மந்தமாக இருக்கும். "மதியம் தூங்கினா உடம்பு கெட்டுப்போச்சு" என்பவர்களில் பலருக்குச் சிக்கல் இந்த நீளம்தான். மூன்று மணிக்கு மேல் வேண்டாம், இரவுத் தூக்கத்தில் கைவைக்கும். காப்பியும் டீயும் அப்படியே: காஃபின் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். இரவில் தூக்கம் வராமல் அவதிப்படுகிறவர்கள் பகல் தூக்கத்தை மொத்தமாக விட்டுவிடுவது நல்லது.

இரவுத் தூக்கத்தைக் குறைத்துவிட்டு இதையெல்லாம் செய்து பயனில்லை. 2003-ல் வான் டாங்கன் குழு, 14 நாள் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கவைத்துச் சோதித்தது. கவனமும் நினைவும், ஒன்றிரண்டு இரவு முழுக்கத் தூங்காதவர்கள் அளவுக்குச் சரிந்திருந்தன. தங்கள் திறன் இவ்வளவு சரிந்ததை அவர்கள் பெரிதாக உணரவேயில்லை என்பதுதான் இதில் ஆபத்தான பகுதி. "எனக்கு ஆறு மணி நேரம் போதும்" என்று சொல்லும் ஆளின் வாக்குமூலத்தை நம்பி வேலையைத் திட்டமிடாதீர்கள்.

நிரலன்:

மிக்க நன்றி. எண் வரிசையைத் தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. நடப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே? போன் பார்ப்பதும் ஓய்வுதானே, அது ஏன் வேலைக்கு ஆவதில்லை?

காலாற:

நடப்பது உதவும், ஆனால் எல்லாச் சிக்கலுக்கும் அல்ல. 2014-ல் ஸ்டான்ஃபோர்டில் ஒப்பெட்ஸோ, ஷ்வார்ட்ஸ் இருவரும் சோதித்தார்கள். சாதாரணப் பொருள் ஒன்றுக்குப் புதிய பயன்களைச் சொல்லும் தேர்வில், உட்கார்ந்திருந்ததைவிட நடந்தபோது சராசரியாக 60 சதவீதம் கூடுதலாகச் சொன்னார்கள். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தாலும் பலன் இருந்தது. எனவே பூங்காவைத் தேடிப் போக வேண்டியதில்லை, வராந்தா போதும். நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த வேகம் நின்றது. ஆனால் ஒரே சரியான விடை உள்ள சொற்புதிர்களில், நடந்தவர்கள் உட்கார்ந்தவர்களைவிடச் சற்றுப் பின்தங்கினார்கள்.

இந்த இடத்தில் கரும்பலகையோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். மூன்று வழியும் உடையும் வரை காத்திருப்பது, குறுகிய சிக்கலுக்குச் சரி. "என்னென்ன வழிகள் இருக்கலாம்?" என்ற திறந்த கட்டத்தில் அவ்வளவு காத்திருக்க வேண்டாம், கேள்வியை எழுதியதுமே ஒரு சுற்று நடந்துவிடலாம். "இந்த மூன்றில் எது சரி?" என்ற கட்டம் வந்துவிட்டால் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள், நடந்துகொண்டே முடிவெடுக்காதீர்கள்.

போனுக்கு வருகிறேன். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முதல் வேலையின் மிச்சம் கவனத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்ததைக் கெடுக்கிறது என்று 2009-ல் சோஃபி லெராய் காட்டினார். ரீல்ஸ் பார்ப்பது பதினைந்து நிமிடத்தில் நாற்பது தாவல். ஒவ்வொன்றிலும் பேச்சு, முகம், சிரிப்பு, சண்டை. இதில் கை மட்டும்தான் ஓய்வெடுக்கிறது. வாட்ஸ்அப் இன்னும் மோசம், பதில் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அது தனி வேலையாகத் தலைக்குள் உட்கார்ந்துவிடும். இடைவேளையில் செய்வது உடம்புக்குப் பழகியதாக, முடிவெடுக்கத் தேவையில்லாததாக இருக்கட்டும்: பாத்திரம் கழுவுதல், துணி மடித்தல், செடிக்குத் தண்ணீர் விடுதல், தெரிந்த தெருவில் நடை. புதிய தெருவில் வழி தேடிக்கொண்டு நடப்பதும், வண்டி நெரிசலில் ஸ்கூட்டர் ஓட்டுவதும் சேராது. 20 முதல் 30 நிமிடம் போதும்.

போனை மேசையிலேயே விடுங்கள். சட்டைப்பையில் சின்ன நோட்டும் பேனாவும் இருக்கட்டும். யோசனையைக் குறிக்கப் போனைத் திறந்தால், திறந்த வேகத்தில் வேறு ஏதாவது கண்ணில் பட்டு அந்த யோசனையே பறந்துவிடும்.

பட்டறைச்சங்கு:

70 மணி நேரப் பேச்சுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் ஞாயிறும் சேர்த்து வேலை வாங்கினார்கள். நாட்டுக்குக் குண்டு வேண்டும், தொழிலாளர்களிடம் சோம்பல் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களின் உடல்நலத்தை ஆராய 1915-ல் அரசே ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு சேர்த்துவைத்த தரவை ஜான் பென்காவெல் என்ற பொருளாதார அறிஞர் 2014-ல் மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். வாரம் 49 மணி நேரம் வரை, நேரம் கூடக்கூட உற்பத்தியும் அதே விகிதத்தில் கூடியது. அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் கிடைத்தது குறைந்துகொண்டே போனது. 70 மணி நேரத்தில் வந்த உற்பத்திக்கும் 56 மணி நேரத்தில் வந்ததற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. 14 மணி நேர உயிர் சும்மா போயிற்று. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு இல்லாமல் போனதும் உற்பத்தியைத் தனியாகக் குறைத்தது.

அது எண்ணிப் பார்க்கக்கூடிய குண்டு செய்யும் வேலை. யோசிக்கும் வேலையில் சரிவு கண்ணுக்கே தெரியாது, தவறான முடிவாக மாறி மூன்று மாதம் கழித்து வெளியே வரும்.

நம் நாட்டில் 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி ஓய்வு வேண்டும் என்றும் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அப்போது நடந்த விவாதத்தில் உரிமை பேசப்பட்ட அளவுக்கு உற்பத்திக் கணக்கு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம். உரிமைக் கணக்கும் உற்பத்திக் கணக்கும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன.

நிரலன்:

கண் திறந்தது மாதிரி இருக்கிறது, நன்றி. கடைசியாக ஒன்று. சாயங்காலத்துக்கு மேல் குழுவில் யாருக்கும் வேலை மனதை விட்டு இறங்குவதில்லை, வீட்டுக்குப் போயும் அதே நினைப்பு. அதைத்தான் அடைகாப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா? இடைவேளை முடிந்து வந்தும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் என்ன செய்வது?

கரும்பலகை:

வீட்டில் அதையே நினைத்துக் கவலைப்படுவது அடைகாப்பு ஆகாது. அது சம்பளமில்லாத வேலை நேரம். 2022-ல் பாரிசில் ஆறு மணி நேரத்துக்கு மேல் கடினமான யோசனை வேலை கொடுத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். முடிவெடுக்கும் முன்மூளைப் பகுதியில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் சேர்ந்திருந்தது. அந்த நேரத்தில் அவர்கள், சிரமமில்லாமல் உடனே கிடைப்பதையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். இரவு ஒன்பது மணிக்குக் குழுவில் எடுக்கும் முடிவும் அந்த ரகம்தான், தற்காலிக ஒட்டுப் போடும் யோசனைதான் நல்லதாகத் தெரியும்.

மனம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு முக்கியக் காரணம், வேலை பாதியில் நிற்பது. கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதட்டும்: எங்கே நிற்கிறது, நாளை முதலில் எதைத் தொடுவேன். "மூன்றாவது சோதனை தோற்கிறது, நாளை அதே ஆர்டர் எண்ணை இரண்டு சர்வரின் பதிவேட்டிலும் (log) தேட வேண்டும்" என்கிற அளவுக்குத் துல்லியமாக இருக்கட்டும். இப்படித் திரும்பவரும் திட்டம் எழுதிவிட்டால் கவனத்தில் ஒட்டும் மிச்சம் குறைகிறது என்று லெராயின் பின்னாளைய ஆய்வு காட்டியிருக்கிறது. கூடவே, ஏழு மணிக்கு மேல் குழுவில் செய்தி போடுவதை நீங்கள் முதலில் நிறுத்துங்கள். "அவசரமில்லை, நாளை பார்த்தால் போதும்" என்று தலைவர் அனுப்பும் செய்தியையும் எல்லோரும் உடனே திறந்து பார்ப்பார்கள். உண்மையான அவசரத்துக்கு முறை வைத்து ஒருவர் மட்டும் போன் எடுத்தால் போதும்.

இடைவேளை முடிந்தும் ஒன்றும் வரவில்லையா? தாளில் எழுதிய கேள்வியை மறுபடி படித்துவிட்டு, பதினைந்து நிமிடம் மட்டும் மீண்டும் முயலுங்கள். அப்போதும் இல்லையென்றால் அதை மூடிவைத்து, செய்முறை தெரிந்த வேலை எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை மின்னஞ்சல் திறப்பதற்கு முன் அந்தத் தாளை எடுங்கள், அந்த முதல் ஒரு மணி நேரத்தில் யாருக்கும் கூட்டம் வைக்காதீர்கள். ஏதாவது தோன்றினால் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம். ஏற்கெனவே உடைந்த மூன்று இடத்திலும் புது யோசனையை வைத்துப் பாருங்கள், மூன்றையும் தாண்டினால் மட்டும் மேலே போங்கள். இரண்டு இரவு கடந்தும் அசையவில்லை என்றால் இனி ஓய்வை நீட்டிப் பயனில்லை, கேள்வியில்தான் கோளாறு. அந்தத் தாளை, சிக்கலைப் பற்றி எதுவும் தெரியாத வேறு குழு ஆள் ஒருவரிடம் கொடுத்து, கேள்வியை அவர் சொற்களில் திருப்பி எழுதச் சொல்லுங்கள்.